வகுப்பு முடிந்த பிறகு: மெட்ராஸ் மாணவர்களும் கிறிஸ்தவ மையங்களும்

நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டில் ஐக்கஃப் இல்லம் இருக்கிறது. அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு என்பது முழுப் பெயர். பக்கத்தில் லயோலா கல்லூரி இருப்பதால் பலர் இதைக் கல்லூரியின் ஒரு கிளை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. இது எந்தக் கல்லூரிக்கும் சொந்தமில்லாத மாணவர் இயக்கத்தின் வீடு. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, இந்து அறக்கட்டளைக் கல்லூரி என்று எங்கே படித்தாலும் அந்த மாணவனுக்கு இங்கே ஓர் இடம் உண்டு.

மதச்சார்பற்ற பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மதம் சார்ந்த ஒரு மாணவர் மையம் ஏன் வருகிறது? அமெரிக்காவில் இதைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை ஒட்டி சார்லட்ஸ்வில் நகரில் 1970களில் ஒரு கிறிஸ்தவப் படிப்பு மையம் உருவானது. அதைப் பார்த்து வேறு பல்கலைக்கழகங்களின் ஓரத்திலும் வந்தன. அந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: இந்த விஷயம் நம்ம ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறதே! அதுவும் இன்னும் சிக்கலான சூழ்நிலையில். அங்கே கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை. இங்கே அவர்கள் சிறுபான்மை. ஆனால் ஆட்சியாளர்களின் மதம் அது.

1854: ஒரு சின்ன அனுமதி

கதையை 1840களில் இருந்து தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-ல் மெட்ராஸில் ஒரு பள்ளி ஆரம்பித்தார். பின்னால் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1841-ல் அங்கே படித்த மூன்று இந்து மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரே கொதித்துப் போனது. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு, 1842-ல், பச்சையப்பன் அறக்கட்டளையின் பள்ளி தொடங்கியது. மிஷன் பள்ளிக்குப் போகாமலே ஆங்கிலம் படிக்க வழி கிடைத்தது.

1846-ல் கவர்னர் ட்வீட்டேல் பிரபு இன்னொரு குண்டைப் போட்டார். அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று குறிப்பு எழுதினார். 'கிரசெண்ட்' பத்திரிகை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவரைச் சேர்ந்தவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களும் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை. மெட்ராஸில் பொதுமக்கள் அரசியல் என்று ஒன்று தொடங்கியதே ஏறக்குறைய இந்தப் பிரச்னையில்தான் என்று சொல்லலாம். மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் 1852-ல் உருவானபோது முன்னால் நின்றவரும் இதே லட்சுமிநரசு செட்டிதான்.

பிறகு வந்தது 1854-ன் உட் அறிக்கை. அரசு நிறுவனங்களில் கல்வி மதச்சார்பற்றதாக இருக்க வேண்டும் என்று அது தெளிவாகச் சொன்னது. ஆனால் கூடவே ஒரு சின்ன அனுமதியையும் வைத்தது. பைபிள் நூலகத்தில் இருக்கலாம். மாணவன் தானாக விரும்பி ஆசிரியரிடம் கிறிஸ்தவ மதத்தைப் பற்றிக் கேட்டால், பள்ளி நேரத்துக்கு வெளியே அவர் பதில் சொல்லலாம். சொல்லித் தரும் நேரமும் சம்பளமும் அரசுடையது. அந்த நேரம் முடிந்த பிறகு பேசுவது அவரவர் விருப்பம்.

இந்தக் கட்டுரையில் இனிமேல் வரப்போகும் எல்லா அமைப்புகளும் அந்த 'நேரத்துக்கு வெளியே' என்ற இடைவெளியில் வீடு கட்டிக்கொண்டவைதான். சுதந்திரத்துக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-வது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் மற்ற நிறுவனங்களில், மாணவரோ, வயது வராதவர் என்றால் பெற்றோரோ சம்மதிக்காமல் மத வகுப்பில் உட்காரச் சொல்ல முடியாது. 1910களில் மிஷன் பள்ளிகளுக்கு இப்படி ஒரு மனசாட்சி விதி வேண்டும் என்று வி.எஸ். சீனிவாச சாஸ்திரி வாதாடியதன் தொடர்ச்சி என்றும் இதைப் பார்க்கலாம்.

பரீட்சை மட்டும் வைத்த பல்கலைக்கழகம்

1857-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரி. பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது, பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். மாணவன் எங்கே தங்குகிறான், யாரோடு சாப்பிடுகிறான், சாயங்காலம் என்ன செய்கிறான் என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் அவருடைய ஆசிரியர் விசுவநாத பிள்ளையும். இருவருமே வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அமெரிக்க மிஷன் 1823-ல் தொடங்கிய அந்தச் செமினரி 1855-ல் மூடப்பட்டுவிட்டது. ஒரே வளாகத்தில் தங்கி, சாப்பிட்டு, ஜெபித்து, கணிதமும் வானியலும் தமிழும் படித்த ஒரு கிறிஸ்தவக் கல்விக்கூடத்தின் பிள்ளைகள், மதமே பேசாத ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் பட்டத்தை வாங்கினார்கள். தாமோதரம் பிள்ளை பிறகு சைவத்துக்குத் திரும்பி, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தது நாம் அறிந்ததே. மிஷன் கல்வி என்ன விளைவைத் தரும் என்பதை மிஷனரிகளால்கூட முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வட்டுக்கோட்டை மாதிரி ஒரே கூரையின்கீழ் எல்லாம் என்ற முறை போய், வகுப்பு ஓரிடம், வாழ்க்கை வேறிடம் என்று ஆனது. திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த பதினேழு வயசுப் பையன், திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் ரூம் எடுத்துக்கொண்டு தங்க வேண்டியவனானான். அவனுக்கு ஊரில் யாரையும் தெரியாது. சாப்பாடு ஒரு பிரச்னை, சாதி இன்னொரு பிரச்னை, தனிமை மூன்றாவது. இந்த மூன்றையும் கவனித்தவர்கள்தான் அடுத்த ஐம்பது வருஷம் மாணவர்களிடம் செல்வாக்குப் பெற்றார்கள்.

எஸ்பிளனேடில் சிவப்புக் கட்டடம்

முதலில் பெரிய அளவில் கவனித்தது ஒய்.எம்.சி.ஏ. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டேவிட் மெக்கானகி என்பவர் வந்து 1890-ல் மெட்ராஸ் கிளையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே, 1891-ல், இந்திய ஒய்.எம்.சி.ஏ.க்களின் தேசிய மாநாடு மெட்ராஸில் கூடி தேசிய அமைப்பு உருவானது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இன்றும் நிற்கும் சிவப்புக் கட்டடம் 1900-ல் திறக்கப்பட்டது. பணத்தில் பெரும்பகுதி தந்தவர் ஜான் வானமேக்கர். ஃபிலடெல்ஃபியாவில் பெரிய கடை வைத்திருந்தவர், அமெரிக்க அரசின் தபால் துறைத் தலைவராகவும் இருந்தவர்.

அந்தக் கட்டடத்தில் வாசக சாலை, கூட்டம் நடத்த மண்டபம், விளையாட்டு எல்லாம் இருந்தன. பைபிள் வகுப்பும் இருந்தது. வருகிறவர்களில் பலர் இந்து மாணவர்கள். வாசிக்கப் பத்திரிகை கிடைக்கும், ஆங்கிலச் சொற்பொழிவு இலவசம், பக்கத்தில் கோர்ட்டும் கல்லூரியும். பைபிள் வகுப்புக்குப் போவதும் போகாததும் அவன் இஷ்டம்.

இதே காலத்தில் உலக அளவிலும் மாணவர் இயக்கம் சூடு பிடித்திருந்தது. 1895-ல் ஸ்வீடனில் வாட்ஸ்டெனா கோட்டையில் உலக மாணவர் கிறிஸ்தவச் சம்மேளனம் உருவானது. அதை முன்னின்று அமைத்த ஜான் மோட் அந்த ஆண்டின் கடைசியிலேயே இந்தியாவுக்கு வந்து மாணவர்களைச் சந்தித்தார். 1896-ல் ஷெர்வுட் எடி வந்தார். ஒய்.எம்.சி.ஏ.யின் பணியாளர், தமிழ் கற்றுக்கொண்டு தென்னிந்திய மாணவர்கள் நடுவே வேலை செய்தார். இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912-ல் செராம்பூரில் தோன்றியது.

எடிக்கு ஒரு நண்பர் இருந்தார்: வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1895-லிருந்து ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு பெரிய சலசலப்பை உண்டாக்கியது. மிஷனரிகள் எங்களுக்காகத் தியாகம் செய்திருக்கிறார்கள், சரி; ஆனால் எங்களோடு சமமாக உட்கார்ந்து பழகவில்லையே, எங்களுக்கு வேண்டியது நட்பு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மேடையில் இருந்த வெள்ளைக்காரர்கள் நெளிந்தார்கள் என்று சொல்வார்கள். பல்லாண்டு மாணவர்கள் நடுவே, வெளிநாட்டுச் சகாக்களோடு வேலை செய்த ஒருவர்தான் இப்படிப் பேச முடியும். வகுப்பறையில் ஆசிரியர் மேடையில், மாணவன் பெஞ்சில். வகுப்புக்கு வெளியே இருக்கும் அறையில் அந்த ஏற்றத்தாழ்வு குறையும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. குறையவில்லை என்பதை அவர் உள்ளேயிருந்து சொன்னார்.

எல்லோரும் எடுத்துக்கொண்ட மாதிரி

இந்த 'வகுப்புக்கு வெளியே ஓர் அறை' என்ற யோசனை கிறிஸ்தவர்களோடு நிற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை மெட்ராஸ் வரலாற்றில் சுவாரசியமான பகுதி இதுதான்.

மயிலாப்பூரில் 1905-ல் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் தொடங்கியது. ஏழைப் பையன்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு. அடையாறில் பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் இருந்தது. அங்கிருந்து அன்னி பெசண்ட் 1914-ல் ஒய்.எம்.ஐ.ஏ. என்ற இந்திய இளைஞர் சங்கத்தை ஆரம்பித்தார். பெயரைப் பாருங்கள்: ஓர் எழுத்துதான் வித்தியாசம், 'கிறிஸ்தவ' இருந்த இடத்தில் 'இந்திய'. ஒய்.எம்.சி.ஏ.யின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றிவிட்டார். அதன் கோகலே மண்டபம் ஆர்மீனியன் தெருவில், சிவப்புக் கட்டடத்திலிருந்து நடந்து போகிற தூரம். ஹோம் ரூல் பேச்சுகள் பல அங்கேதான் ஒலித்தன. கொழும்பில் பௌத்தர்கள் இதே வேலையை 1898-லேயே செய்துவிட்டார்கள், ஒய்.எம்.பி.ஏ. என்ற பெயரில்.

திருவல்லிக்கேணியில் டாக்டர் சி. நடேச முதலியார் பிராமணரல்லாத மாணவர்களுக்காக ஒரு விடுதி நடத்தினார். திராவிடர் இல்லம் என்று பெயர். மாணவர் மெஸ்களில் பந்தி வேறு வேறாக இருந்த காலம். நீதிக்கட்சி 1916-ல் உருவானதற்குப் பின்னால் இந்தச் சாப்பாட்டு மேசையும் இருக்கிறது. பல்கலைக்கழகம் கவலைப்படாமல் விட்ட தங்குமிடம், சோறு, பேச்சு ஆகிய மூன்றிலிருந்துதான் மதங்களும் அரசியல் கட்சிகளும் ஆள் சேர்த்தன. வெளியூர் மாணவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு யார் போட்டார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

மிஷன் வகுப்பறையே எதிர்பாராத திசையில் போன உதாரணமும் உண்டு. எஸ். ராதாகிருஷ்ணன் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தார், ஏ.ஜி. ஹாக் அவருடைய ஆசிரியர். இந்து மதத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற மிஷனரி விமர்சனம் அவரை உறுத்தியது. 1908-ல் வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆய்வுரை எழுதி அதற்குப் பதில் சொன்னார். அடுத்த வருஷம் அரசுக் கல்லூரியான பிரசிடென்சியில் ஆசிரியராகச் சேர்ந்தார். தீவிரமாகக் கேள்வி கேட்கிற இடத்தில்தான் தீவிரமான பதிலும் பிறக்கும்.

ஐக்கஃப்: வழிபாட்டிலிருந்து கிராமத்துக்கு

இனி நுங்கம்பாக்கம். 1924-ல் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கார்ட்டி கத்தோலிக்க மாணவர்களுக்கென்று ஆரம்பித்த முயற்சிதான் ஐக்கஃப்பின் வேர். அதற்கு அடுத்த ஆண்டு, 1925-ல், ஃபாதர் பெர்ட்ராம் லயோலா கல்லூரியைத் தொடங்கினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தவனுக்குச் சிற்றாலயமும் சாமியாரும் வளாகத்திலேயே உண்டு. பிரசிடென்சியிலோ பச்சையப்பனிலோ கிண்டி என்ஜினியரிங்கிலோ படிக்கிறவனுக்கு? அவனுக்காகத்தான் மாணவர் கூட்டமைப்பு. மேலைநாட்டில் இதே நோக்கத்தோடு நியூமன் மன்றங்கள் இருந்தன. முதலாவது 1893-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வந்தது.

ஆரம்பத்தில் நோக்கம் பாதுகாப்புதான். நம்ம பிள்ளைகள் வெளியே படிக்கப் போய் விசுவாசத்தை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் கவலை. இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பியர் செராக். 1914-ல் பிரான்சில் பிறந்தவர்; 1937-ல் இந்தியா வந்தவர்; தமிழும் சமஸ்கிருதமும் படித்தவர். 1952 முதல் 1967 வரை ஐக்கஃப்பின் தேசிய ஆன்ம வழிகாட்டி. மாணவர்களை உட்கார வைத்துப் போதித்ததோடு நிற்காமல் வேலை முகாம்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நகரத்துக் கல்லூரிப் பையன்கள் மண் சுமந்தார்கள், வீடு கட்டினார்கள். பின்னாளில் மானாமதுரைப் பக்கத்தில் பண்ணை, கிணறுகள், தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதி முகாம்கள் என்று அவருடைய வாழ்க்கை நீண்டது. 2012-ல் சென்னையில் காலமானார். சென்னைக்காரர்கள் பலருக்கு அவரைத் தெரியும், லயோலா வளாகத்தில் பார்த்திருப்பார்கள்.

1970-ல் ஐக்கஃப்பின் தேசிய மாநாடு பூந்தமல்லியில் கூடியது. அங்கே வெளியான பிரகடனம் இயக்கத்தின் திசையையே மாற்றியது. நாம் வாழ்வது அநீதியான சமூகம், அதைக் கண்டபடியே விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்ற கருத்துதான் மையம். சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்திருந்தது. 1967-ல் நக்சல்பாரி. 1968 கிறிஸ்துமஸ் நாளில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்த மாணவர் அமைப்பு, விசுவாசம் எதற்கு என்று கேட்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பயிற்சி முகாம்களில் சமூகப் பகுப்பாய்வு, சாதி, நிலம் என்ற சொற்கள் சாதாரணமாயின. பெற்றோரில் எல்லோருக்கும் இது பிடித்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். "படிக்க அனுப்பினா, ஊர் ஊராச் சுத்துறான்" என்ற குறை எந்த மாணவர் இயக்கத்துக்கும் புதிதல்ல.

கட்டடம் இல்லாத வழி

இன்னொரு கிளை முற்றிலும் வேறு மாதிரி வளர்ந்தது. 1954-ல் யு.இ.எஸ்.ஐ. என்ற இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியம் உருவானது. தலைமை அலுவலகம் சென்னை. ஆரம்ப காலத் தலைவர்களில் ஒருவர் எச். ஈனோக், பிரசிடென்சி கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். முதல் இந்தியப் பொதுச்செயலாளர் பி.டி. சண்டபிள்ளா. இவர்கள் பெரிய கட்டடத்தை நம்பவில்லை. ஹாஸ்டல் அறையில் நாலு பேர், ஒரு பைபிள், வாரம் ஒரு நாள். நடத்துவதும் மாணவர்களே. படித்து முடித்தவர்களுக்குப் பட்டதாரிகள் ஐக்கியம் தனியாக உண்டு. அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிடைக்கும்.

ஈனோக் பரிணாமக் கொள்கையை ஏற்காமல் புத்தகமே எழுதியவர். விலங்கியல் பேராசிரியர் அப்படி எழுதியதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகுப்பில் கற்கும் அறிவியலும் வீட்டில் கற்ற மதமும் மோதும்போது, அந்த மோதலை வாய் திறந்து பேச ஓர் இடம் வேண்டுமென்று அந்த மாணவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பல்கலைக்கழகம் அந்தக் கேள்வியைத் தன்னுடையதாக நினைக்கவில்லை. அதனால் கேள்வி ஹாஸ்டல் அறைக்குப் போனது. அங்கே எதிர்த்துப் பேச ஆள் இல்லையென்றால் பதில் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். கட்டடம் இல்லாத வழியின் பலமும் பலவீனமும் இதுவே: செலவில்லை, நெருக்கம் உண்டு, ஆனால் வெளியாள் கதவைத் தட்ட மாட்டான். எஸ்பிளனேடு வாசக சாலைக்குள் வேறு மதத்துப் பையன் பத்திரிகை படிக்கவாவது நுழைந்தான்.

அடையாறு, 2015

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி. நிர்வாகம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை விலக்கியது. அதற்கு முன் ஒரு பெயரில்லாப் புகாரை மத்திய மனிதவள அமைச்சகம் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு எழ, ஜூன் மாதம் அங்கீகாரம் திரும்ப வந்தது. அதே வளாகத்தில் விவேகானந்தர் படிப்பு வட்டமும் உண்டு. 'படிப்பு வட்டம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் இல்லாததை, நேரத்துக்கு வெளியே, சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. 1854-ல் திறந்த கதவு வழியாக கிறிஸ்தவர்கள், பிரம்மஞானிகள், ராமகிருஷ்ண மிஷன், நடேச முதலியார் எல்லோரும் வந்தபிறகு, அம்பேத்கரையும் பெரியாரையும் படிக்கிற மாணவர்களும் அதே வழியாகத்தான் வருகிறார்கள்.

அமெரிக்காவிலும் இது நீதிமன்றம் வரை போனது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு கிறிஸ்தவ மாணவர் பத்திரிகைக்கு மாணவர் நிதியிலிருந்து அச்சுச் செலவு தர மறுத்தார்கள். 1995-ல் உச்ச நீதிமன்றம், 5-4 என்ற குறுகிய பெரும்பான்மையில், மற்ற மாணவர் பத்திரிகைகளுக்குக் கொடுப்பதை இதற்கு மட்டும் மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை என்பதே, கோடு எங்கே போடுவது என்பது எவ்வளவு கஷ்டம் என்று காட்டும்.

என் கருத்தை மறைக்க வேண்டியதில்லை. மதச்சார்பற்ற பல்கலைக்கழகம் வகுப்பறைக்குள் மதபோதனையை விடாமலிருப்பது சரி. 1846-ல் மெட்ராஸ் மக்கள் போராடி வாங்கிய நியாயம் அது. ஆனால் வகுப்புக்கு வெளியே உள்ள அறைகளையும் பூட்ட ஆரம்பித்தால் பேச்சு நிற்காது, இடம்தான் மாறும். யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போகும். அறையைத் திறந்து வைக்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சாப்பாடு போட்டு ஆள் பிடிப்பதா, சாப்பாடு போட்டுவிட்டுப் பேச விடுவதா என்பதில் இருக்கிறது வித்தியாசம். முதலாவது வேலையைச் செய்த அமைப்புகளையும் இரண்டாவதைச் செய்தவற்றையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. சில சமயம் ஒரே அமைப்பு இரண்டையும் செய்திருக்கிறது.

பெண்களின் கதை இதில் வரவில்லை. 1915-ல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, 1947-ல் சாந்தோமில் பிறந்து பிறகு கதீட்ரல் ரோட்டுக்குப் போன ஸ்டெல்லா மாரிஸ், பெண்கள் விடுதிகளின் கட்டுப்பாடுகளும் சிநேகங்களும் தனியாகவே எழுத வேண்டியவை. அடுத்த கட்டுரையில் பார்ப்போம். இப்படி ஏதாவது ஒரு மாணவர் இல்லத்தில், வாசக சாலையில், படிப்பு வட்டத்தில் இருந்தவர்கள் தங்கள் நினைவுகளை எழுதி வைத்தால் நல்லது. அலுவலக அறிக்கைகளில் கட்டடம் எப்போது திறந்தது என்று இருக்கும். சாயங்காலம் அங்கே என்ன பேசினார்கள் என்று இருக்காது.